பதில் வராவிட்டால் மீண்டும் ஒருமுறை

திருமுடிவாக்கத்தில் தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு முப்பது வருடம் கையேடு எழுதினேன். யாரும் படிக்காத கையேடு. மோட்டார் வாங்கியவர்கள் பெட்டியைப் பிரித்ததும் முதலில் தூக்கிப் போடுவது அதைத்தான்.

ஓய்வுக்குப் பிறகு பொழிச்சலூரில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இயங்கிய சிறிய மென்பொருள் நிறுவனம் என்னை அழைத்தது. அங்கே மூன்றே பேர். முதலாளி, நாற்பது வயதுள்ள பெண் பொறியாளர், நான். அந்தப் பெண் ஒரு கருவி செய்திருந்தார். ஏ.ஐ. ஏஜென்ட் என்ற நிரல் அதைப் பயன்படுத்தி வாடிக்கையாளரின் கோப்புகளுக்கு ஃபோல்டர்களை உருவாக்கும். ஃபோல்டரின் பெயர்கூடப் பூட்டப்பட்டே சேமிக்கப்படும். சாவி இல்லாதவர் கண்ணுக்குத் தெரிவது அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டம் மட்டுமே. அந்தக் கருவிக்கு விளக்கம் எழுதுவது என் வேலை.

"இதை மனுஷங்க படிக்க மாட்டாங்க சார்," என்றார் அந்தப் பெண் முதல் நாளே. "ஏஜென்ட்தான் படிக்கும். ஒரு வரி விடாது. நீங்க சொன்னதைச் சொன்னபடி செய்யும்."

"அப்ப முப்பது வருஷம் கழிச்சு எனக்கு ஒரு வாசகர் கிடைச்சிருக்காரு."

அவர் சிரித்தார். அதன் பிறகு நான் அவரைச் சிரிக்க வைத்ததாக நினைவில்லை.

சோதனைக்கு ஏஜென்டிடம் பன்னிரண்டு ஃபோல்டர்கள் கேட்டேன். மறுநாள் பட்டியலில் முப்பதுக்கும் மேல் இருந்தன. எல்லாம் பூட்டிய பெயர்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. சோதனைச் சேமிப்பகத்தின் சாவி, ஏஜென்டைத் தவிர, அவரிடம் மட்டும் இருந்தது.

அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்காமல் கவனிக்கத் தொடங்கினேன். போன் வந்தால் அவர் பால்கனிக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசுவார். நான் நாற்காலியை நகர்த்தினால் திரை மாறும். இதெல்லாம் முன்பும் நடந்திருக்கும். அந்த வாரம்தான் என் கண்ணில் பட்டது. ஃபோல்டர்களோ தினமும் ஒன்றிரண்டாகக் கூடிக்கொண்டிருந்தன. கம்பெனியின் சரக்கை மூட்டை கட்டுகிறார், வேறு எங்கோ போகப் போகிறார் என்று முடிவு செய்தேன். முதலாளியிடமும் சொன்னேன். "எனக்கென்னவோ சரியாப் படலை" என்று மட்டும் சொன்னேன். குற்றச்சாட்டைவிட அது சுலபமாக உள்ளே போகும் என்று எனக்குத் தெரியும்.

முதலாளி என் எதிரிலேயே அவரைக் கேட்டார். "அந்த ஃபோல்டர்ல எல்லாம் இன்னா கீதுங்க மேடம்? கொஞ்சம் தொறந்து காட்டுங்களேன்."

"ரெண்டு நாள் குடுங்க சார். ஏன் கூடுதுன்னு நானும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

"இப்பவே பாத்துட்டா பேஜாரே இல்ல பாருங்க."

அப்போது தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. பொழிச்சலூரில் விமானம் கடக்கும்வரை எல்லோரும் பாதிப் பேச்சில் நிறுத்திக் காத்திருப்போம். அன்றும் மூவரும் காத்திருந்தோம். அவர் என்னைப் பார்த்தார். நான் என் கண்ணாடியைத் துடைத்தேன்.

சத்தம் அடங்கியதும், "பையைத் திறந்து காட்டுங்கற மாதிரி இருக்கு சார்," என்றார். சாவிச் சொற்கள் எழுதிய தாளை மேசைமேல் வைத்தார். "நீங்களே திறந்து பாருங்க. நான் பக்கத்துல நிக்க மாட்டேன்." சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனவர் அதன் பிறகு வேலைக்கு வரவே இல்லை.

திறந்தோம். நான் கேட்ட அதே பன்னிரண்டு பெயர்கள். ஒவ்வொன்றும் மூன்று, நான்கு தடவை. வேறு எதுவும் இல்லை.

"மெஷின் சேட்டை சார், வுடுங்க," என்று முதலாளி எழுந்து போனார்.

என்னால் விட முடியவில்லை. என் விளக்கத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். கடைசிப் பத்தியில் இருந்தது: 'பதில் வராவிட்டால் மீண்டும் ஒருமுறை முயலவும்.' மோட்டார் கையேடுகளில் நான் எப்போதும் எழுதும் வரி. ஓடுகிற மோட்டாரின் ஸ்விட்சை மறுபடி போட்டால் இரண்டாவது மோட்டார் முளைக்காது. இங்கே முளைத்தது. எங்கள் இணையம் மெதுவாக இருந்ததால் பதில் தாமதமாக வந்தது. ஏஜென்ட் காத்திருக்காமல், நான் எழுதியபடியே, மறுபடி உருவாக்கியது. அதற்கும் பதில் வராத பெயர்களுக்கு, அடுத்தடுத்த நாட்களிலும் அதே வரிப்படி இன்னொன்று. ஒரே பெயரைப் பூட்டினாலும் ஒவ்வொரு முறையும் வேறு எழுத்துகள் வரும்; அதனால் ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டர்தான் இது என்று சேமிப்பகத்துக்குத் தெரியாது. இதை அவர் எனக்கு விளக்கியிருந்தார். மூன்றாம் பக்கத்தில் நானே எழுதியுமிருந்தேன்.

முதலாளியிடம் சொல்லவில்லை. வரியை மட்டும் மாற்றினேன்: 'பதில் வராவிட்டால், அந்தப் பெயரில் ஃபோல்டர் உள்ளதா என்று முதலில் பட்டியலில் பார்க்கவும்.' மாற்றத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் 'மொழித் திருத்தம்' என்று எழுதினேன்.

அந்த விளக்கம் இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. மாற்றங்களின் பட்டியலும்தான். சில வாரங்கள் கழித்து அவரிடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது.

"மொழித் திருத்தமா சார்?"

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். நின்று ஒரு பதில் எழுதினேன், அழித்தேன். வீட்டுக்கு வந்து இன்னொன்று எழுதினேன். அதையும் அனுப்பவில்லை.

அவர் மீண்டும் கேட்கவில்லை.