உர மூட்டைக்கு வந்த விமான டிக்கெட்

டிக்கெட் போடுகிற தொழிலில் டிக்கெட் போடுவதுதான் ரொம்பக் குறைச்சலான வேலை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூன்று பிளாஸ்டிக் நாற்காலியோடு பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்ச காலமாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. கிரெடிட் கார்டில் சாமான் வாங்கினால் பாயிண்ட் சேரும். அந்தப் பாயிண்டை விமானக் கம்பெனியின் மைலாக மாற்றிக்கொண்டால், வரியை மட்டும் கட்டிவிட்டுப் பறக்கலாம். இதை நான் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது. அடுத்தவருக்குப் புரியவைக்க இன்றுவரை முடியவில்லை. என்னைப் போலக் கவுன்டருக்குப் பின்னால் தொண்டை வற்றக் கத்துகிறவர்கள் இதைப் படித்தால், நாம் தனி ஆள் இல்லை என்று கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

பாய்க்கு வந்த சந்தேகம்

வீரசோழனில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார் காதர் பாய். கொள்முதலுக்கு டெல்லி போக வேண்டும் என்று வந்தார். கார்டில் பாயிண்ட் மலைபோலக் கிடந்தது. "டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம் பாய், வரி மட்டும் போதும்" என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

சாப்பாடு தருவார்களா, பெட்டியை ஏற்றுவார்களா, திரும்பி வரும்போது காசு கேட்பார்களா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "சீட்டு உண்டுல்லம்மா? இல்ல, ஃப்ரீ பஸ்ஸு மாதிரி கம்பியப் பிடிச்சு நின்னுக்கிட்டே போகணுமா?"

இடியாப்பம் செய்த வேலை

திருச்சுழியில் ஓய்வு பெற்ற ஜெபமணி சாருக்கு, அவர் கார்டைக் காட்டினால் சென்னை விமான நிலையத்தில் தனி அறையில் உட்கார்ந்து வேண்டுமட்டும் சாப்பிடலாம் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். போனார், சாப்பிட்டார், சாய்வு நாற்காலியில் கண் அசந்தார். மதுரை விமானம் அவர் இல்லாமலே கிளம்பிவிட்டது. பஸ்ஸில் வந்து இறங்கியவர் நேரே என் கடைக்கு வந்தபோது, என்ன திட்டப்போகிறாரோ என்று எழுந்து நின்றேன். சார் ரொம்பச் சாந்தமாக, "பிளைட்டு போனாப் போகுதும்மா, அந்த இடியாப்பத்துக்காகவே இன்னொரு டிக்கெட்டு போடு" என்றார்.

டீசல், உரம், பீரோ

இனிமேல் சொல்லப்போவது முழுக்க ஒரே குடும்பத்தின் கதை. பந்தல்குடிப் பக்கத்து விவசாயி சீனிச்சாமி அண்ணன், ஒருநாள் சோர்ந்துபோய் வந்து உட்கார்ந்தார். துபாயில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வருவதாக இருந்தவளை, விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். மருமகன் வேலைக்குப் போய்விட்டால் அங்கே ஒரு வாய் வெந்நீர் வைத்துக்கொடுக்கக்கூட ஆள் கிடையாது. அண்ணன் மனைவி ராசம்மா மதினி போயாக வேண்டும். விசா வந்துவிட்டது. பிரசவத்துக்கு இருந்தது இரண்டே வாரம். டிக்கெட் விலையைச் சொன்னேன், அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சட்டைப் பையில் ஒரு கார்டு தெரிந்தது. வாங்கிப் பார்த்தேன். உரமும் டிராக்டருக்கு டீசலும் அதில்தான். அதோடு, பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒவ்வொன்றுக்கும் பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் என்று சீர் சாமான் அத்தனையும் இவர் கார்டில்தான் வாங்குவார்களாம். பாயிண்டைப் பற்றி வந்த தகவலையெல்லாம் லோன்காரன் தொல்லை என்று அழித்திருக்கிறார். துபாய்க்கு ஒரு ஆள் போக அந்தப் பாயிண்ட் போதும். ஆனால் மாசக் கடைசியில் காலாவதி. நான் சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினேன். அவர் என்னைக் கவலையோடு பார்த்தார்: "நான் உரம் வாங்குனதுக்கு அவுக எதுக்குத் தாயி பிளைட்டு விடணும்?"

கட்டை விரலும் ஓடிபியும்

பாயிண்டை மைலாக மாற்ற அவர் போனுக்கு ஓடிபி வரும். வந்தது. "சொல்லுங்கண்ணே" என்றேன். போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று பாங்கில் சொல்லியிருக்கிறார்களாம். பாங்கு சொன்னது சரிதான், அதனால் கீபோர்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மண்வெட்டி பிடித்த விரல் ஒவ்வொரு எண்ணாகத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். இரண்டு தடவை அப்படியே போனது. மூன்றாவது தடவை எண் விழுந்தது. மாற்றிய மைல் திரும்பவும் பாயிண்டாகாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கொஞ்சம் வருத்தமாகவே கேட்டேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பழக்கம் வேற தாயி, ஓடிபி வேற" என்றார்.

எல்லாம் கூடிய வெள்ளிக்கிழமை

இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் யாரும் கிளம்பாத நாளில்தான் மைலுக்கு சீட் சுலபமாகக் கிடைக்கும். அதனால் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறேன். அன்றும் அதுவே நடந்தது. பிரசவத்துக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு சீட், மதுரையிலிருந்து வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு. காலண்டரைப் பார்த்தேன். அஷ்டமி. பதினொன்றுக்கு ராகு காலம். வெள்ளியன்று மேற்கே சூலம். துபாயோ மேற்கே.

மறுநாள் ராசம்மா மதினி நேரில் வந்து, பச்சைப் பிள்ளையைப் பார்க்கப் போகிறவள் இப்படிக் கிளம்பினால் நாளைக்கு எதுவானாலும் தன் தலையில்தான் விழும் என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. சூலத்துக்கு வெல்லம் வாயில் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். அஷ்டமிக்கு என்ன செய்வது? பரஸ்தானம் வைக்கலாம் என்று அண்ணன்தான் வழி சொன்னார். நல்ல நேரத்தில் பையை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பை அதற்குப் பிறகு வீடு திரும்பக்கூடாது. புதன்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பிரிண்டருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இது வீடில்லையே, கடைதானே என்றேன். அண்ணன் அசரவில்லை: "துபாய்க்குப் போற வழியிலதான தாயி அருப்புக்கோட்டை இருக்கு?"

கிளம்பியவரும் திரும்பியவரும்

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே கடையைத் திறந்து வைத்திருந்தேன். வாடகைக் காரில் இருவரும் வந்தார்கள். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன். பைக்குள்தான் என்றார் மதினி. என் வழக்கப்படி கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். மேலே புடவை, கீழே காராச்சேவு, அதற்கும் கீழே பிரசவ மருந்து எல்லாம் இருந்தது. பாஸ்போர்ட் இல்லை.

அண்ணன் பின்னந்தலையைச் சொறிந்தார். கடையில் எப்படி நம்பி வைப்பது என்று, புதன்கிழமை பையை என்னிடம் கொடுப்பதற்கு முன்னாலேயே பாஸ்போர்ட்டை உருவி வீட்டு பீரோவில் வைத்துவிட்டாராம். அவசரத்தில் மறந்தும்விட்டார். "வா, காரைத் திருப்பி ஒரு எட்டு போய் எடுத்துட்டு வந்துருவோம்" என்றார். கிளம்பியவர் வீடு திரும்பினால், அதுவும் அஷ்டமியில், அத்தோடு பயணம் நின்றது. மைலும் போகும், அந்தப் பெண் துபாயில் தனியாகப் பிள்ளை பெறுவாள். மதினியின் முகத்தைப் பார்க்கவே பயந்தேன்.

மதினி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என் பிளாஸ்டிக் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டார். காரில் ஏறிய புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நான் புதன்கெழமையே கெளம்பிட்டேன் தாயி. வீட்டுக்குப் போறது அவுக மட்டுந்தான்."

மூட்டைக் கணக்கு

முக்கால் மணி நேரத்தில் பாஸ்போர்ட் வந்தது. பதினோரு மணிக்கு ராகு காலத்தில் மதினி பறந்தார். நான் கடையில் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். திங்கள்கிழமை பேத்தி பிறந்தாள், தாயும் பிள்ளையும் நலம். சேதியோடு வந்த அண்ணன் போனில் குழந்தையைக் காட்டினார். மூக்கு அப்படியே மதினி மூக்கு. அண்ணன் ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கார்டை எடுத்து என் மேஜைமேல் வைத்து, "இவளை நான் போய்ப் பாக்கணும்னா, இன்னும் எத்தன மூட்ட உரம் வாங்கணும் தாயி?" என்றார்.

ஆக, பாயிண்டை மைலாக்கி, மைலை டிக்கெட்டாக்கி, துபாய்வரை ஆளை அனுப்புவதெல்லாம் ஒரு வேலையே இல்லை, பந்தல்குடியிலிருந்து அருப்புக்கோட்டைவரை அந்த ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் இந்தத் தொழில்.