சகலையின் சுவரில் மூன்றாவது சாக்கு

நம்பாதவர்கள் என் வலது மணிக்கட்டைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கதை கட்டி எனக்கு ஒரு லாபமும் இல்லை. சொல்லப்போனால், இதில் கெட்டவனே நான்தான்.

எங்கள் ஊர்ப் பூங்காவில் நூறு வருடத்துக் கல்சுவர் ஒன்று இருக்கிறது. பழைய கட்டடங்களைப் பழைய முறையிலேயே பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ஆறு மாதப் பயிற்சியை அங்கேதான் நடத்தினார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். கடைசியில் ஒருவருக்கு மட்டும் பூங்காவிலேயே நிரந்தர வேலை. வேலை பார்த்த ஆலையை மூடிய பிறகு எட்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு அந்த வேலை வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும்.

அதே பயிற்சிக்கு என் சகலையும் வந்து சேர்ந்தார். என் மனைவியின் தங்கை கணவர். அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவர் தொட்டதெல்லாம் விளங்கும், நான் தொட்டால் உடையும். மாமியார் வீட்டில் எந்நேரமும் "சின்ன மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை" என்று ஒரே புராணம். இதில் மனிதர் நல்லவராகவும் இருந்து தொலைத்தார். திட்டக்கூட வழியில்லை.

ஆளுக்குப் பத்தடிச் சுவர். கல் இடுக்கில் உதிர்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டு, புதுச் சுண்ணாம்புச் சாந்தை அடைக்க வேண்டும். மேலே ஈரச் சாக்கைத் தொங்கவிட வேண்டும். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். சாக்கை எடுத்துவிட்டால் காற்றுப் பட்டுச் சீக்கிரம் காய்ந்து, மாவாக உதிர்ந்துவிடும்.

அன்று பயிற்சி தரும் மேடம் சகலையின் சுவரைத் தடவிப் பார்த்தார். "எல்லாரும் இவர மாதிரி செய்ங்க," என்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்பினோம். ஐந்து நாற்பதுக்கு நான் மட்டும் திரும்பி வந்தேன். ஆறு மணிக்குத்தான் கேட்டைப் பூட்டுவார்கள். லேசாக இருட்டியிருந்தது. சகலையின் சுவரில் ஆறு சாக்குகள் தொங்கின.

முதல் சாக்கை உருவினேன். சுலபமாக வந்தது. இரண்டாவதும் வந்தது. ஆனால்... இரண்டுமே கதகதப்பாக இருந்தன. ஆள் படுத்து எழுந்த பாய் மாதிரி.

சரக்... சரக்...

கரண்டியால் சாந்து வழிக்கும் சத்தம். திரும்பினேன். யாரும் இல்லை.

"யாரு?"

சத்தம் நின்றது.

ஐந்து ஐம்பத்திரண்டு. மூன்றாவது சாக்கு வரவில்லை. ஆணியில் மாட்டியிருக்கும் என்று உள்ளே கைவிட்டேன்.

ஏதோ என் மணிக்கட்டைப் பிடித்தது.

ஈரமாக. நறநறவென்று.

இழுத்தேன். விடவில்லை.

காதருகே... மூச்சு.

"ஏன்... சகலை?"

அது என் சகலையின் குரல் இல்லை.

எப்படிக் கையை உருவினேன், எப்படிக் கேட்டைத் தாண்டினேன், ஒன்றும் நினைவில்லை.

மறுநாள் காலை ஏழு பத்து. சகலையின் சுவரில் ஆறு சாக்குகளும் இருந்தன. ஆறிலும் தண்ணீர் சொட்டியது.

"நேத்து சாயங்காலம் இங்க வந்தீங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"இல்லியே சகலை. பாப்பாவுக்குக் காய்ச்சல், நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டோம். ஏன், உங்க மூஞ்சி இப்படி இருக்கு?"

என் சுவருக்குப் போனேன். என் சாக்குகள் தரையில் மடித்து அடுக்கியிருந்தன. சருகாகக் காய்ந்திருந்தன. நகம் பட்டதும் சாந்து மாவாகக் கொட்டியது.

"விடுங்க சகலை, நானும் கூட நிக்கிறேன், திரும்ப அடைச்சிடலாம்," என்றார் அவர். பாவி மனுஷன், அப்போதும் நல்லவர்தான். கடைசியில் வேலையும் அவருக்குத்தான் கிடைத்தது.

எனக்குக் கிடைத்தது மணிக்கட்டில் சுண்ணாம்பு பட்டு வெந்த தழும்பு. கட்டைவிரல் ஒன்று, மற்ற விரல்கள் மூன்று. மோதிர விரல் பட்டிருக்க வேண்டிய இடத்தில் மட்டும் நல்ல தோல்.

பயிற்சி முடிந்த நாளன்று மேடம் அதைப் பார்த்துவிட்டார். அலுவலக அலமாரியைத் திறந்து, சுவர் கட்டிய காலத்து வேலைக் குறிப்பேட்டை எடுத்தார். ஒரு பக்கத்தைப் புரட்டி என் முன்னால் வைத்தார்.

சாந்து இறுகாமல் சுவர் சரிந்திருக்கிறது. ஒரு கொத்தனார் உள்ளே சிக்கிச் செத்திருக்கிறார். வலது கை மட்டும்தான் வெளியே தெரிந்ததாம். அதில் மோதிர விரல் இல்லாததை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. இரண்டு முறை படித்தேன்.

"ஈரச் சாக்குகளை யாருக்கும் தெரியாமல் உருவிப் போட்டவன், இறந்தவனின் சகலை."