கஞ்சி காயும்வரை

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெரு. காலை வேளை. தெருவின் நீளத்துக்கு அரக்கு நிறப் பட்டு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவியிருக்கிறார்கள். இதுதான் பாவு, புடவையின் நீளவாட்டு இழைகள். நூல் கர்நாடகத்திலிருந்து வந்தது. ஜரிகை சூரத்திலிருந்து வரும். கிழக்கே கறுத்து நிற்கும் மேகம் வங்கக் கடலிலிருந்து வந்திருக்கிறது.

பாவுக்குச் சொந்தக்காரர் தேவகி வானத்தையே பார்க்கிறார். ஈரத்தோடு சுருட்டினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். மழையில் விட்டால் சாயம் போகும். எது நடந்தாலும் அடுத்த பாவு கிடைக்கும்வரை தறி சும்மா நிற்கும்.

"சுருட்டிடலாமா, தேவகி?" என்கிறார் கணவர்.

"கம்முனு இருய்யா. காஞ்சிக்கினுதான் இருக்குது."

முதல் துளி விழுகிறது. பழைய கல்யாண ஃப்ளெக்ஸ் பேனர்களோடு அக்கம்பக்கத்தார் ஓடிவந்து பாவுக்கு மேல் பிடிக்கிறார்கள். மணமக்களின் முகங்களில் மழை தட்டுகிறது. புடவை எடுக்க வந்து வேடிக்கை பார்த்து நிற்கும் எனக்கு முன்னால் மட்டும் இரண்டடி நூல் திறந்து கிடக்கிறது.

"இன்னா சார், பாத்துக்கினு நிக்கறீங்க? குனிஞ்சி மறைங்க!" என்கிறார் தேவகி.

"சட்டை நனையுமேம்மா."

"சட்டை காஞ்சிடும் சார். இது போனா போனதுதான்."

குனிகிறேன். முதுகில் மழை வலுக்கிறது. மூக்குக்குக் கீழே கஞ்சி வாசனை. இழைகள் இன்னும் ஈரமாகத்தான் இருக்கின்றன.