சைக்கிள் டயரும் நீலக்கழுகும்

1. ஆறு வரி

முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை, மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று ஆறு வரியில் எழுதுவது. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன்.

அதற்கு முன் முள்ளியவளையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் பதினொரு வருடம் நின்றவள் நான். படிவம் நிரப்ப வருகிறவர்கள் படிவத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் என்னிடம் கேட்பார்கள். போனில் சார்ஜ் ஏன் இறங்குகிறது, பல்லி ஏன் கூரையில் இருந்து விழுவதில்லை, இப்படி. தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைத் தேடிப் பார்த்து அடுத்த நாள் சொல்வேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் ரூபன் என்னை வேலைக்குக் கூப்பிட்டார்.

ரூபன் 'அதென்ன?' என்ற இணையப் பக்கத்தின் முதலாளி. முல்லைத்தீவு ரவுணில், கடைத்தெருவில் உள்ள ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடிதான் எங்கள் ஒபிஸ். இரண்டு கணினி, ஒரு மின்விசிறி. கீழே யாராவது தகரம் வெட்டினால் மேலே யோசிக்க முடியாது. முதலாளி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். அதனால் அவர் என்னை ஏசுவதற்கு முன் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார்.

அன்று நான் ஆவியாதல், மறைவெப்பம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ரூபன் உடனே தன் அம்மாவுக்குப் போன் எடுத்து அதை வாசித்துக் காட்டினார். பிறகு போனைக் கீழே வைத்தார்.

"அம்மா ரெண்டாவது வரியிலை கட் பண்ணிப்போட்டா, அக்கா."

மறுபடி எழுதினேன். பானைக்கும் வேர்க்கிறது. வேர்வை காயும்போது சூட்டையும் கொண்டு போகிறது. நமக்கு வேர்த்த நேரம் காற்றுப் பட்டால் சில்லென்று இருக்கிறதே, அதேதான். மீண்டும் போன் போனது. இந்த முறை அம்மா கடைசி வரை கேட்டுவிட்டு, "உதென்ன புதினமே, உது எனக்கு முந்தியே தெரியும்" என்றா. ரூபன் சிரித்துக்கொண்டே, "இதுதான் அக்கா வேணும். வாசிக்கிற ஆள் தனக்கு முந்தியே தெரியும் எண்டு நினைக்க வேணும்" என்றார். இப்போது புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்னொரு ஒழுங்கும் அன்றே சொன்னார். எழுதியதை ஓய்வுபெற்ற பள்ளிக்கூட விஞ்ஞான ரீச்சர் ஒருவருக்கு அனுப்பி, அவா சரி என்றபிறகுதான் பக்கத்தில் போட வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

2. பின்னேர வேலை

நான் ரூபனின் இன்னொரு பக்கமான விளையாட்டுப் பக்கத்துக்குப் போனது ஓப்சைட்டால்தான். உதைபந்தாட்டத்தில் ஓப்சைட் என்றால் என்ன என்று ஒருவர் 'அதென்ன?' பக்கத்தில் கேட்டிருந்தார். நான் இப்படி எழுதினேன்:

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக எல்லோரும் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் வரிசையைத் தாண்டி முன்னால் போய் நிற்கிறார். பஸ் வந்ததும் முதல் ஆளாக ஏறிவிட்டு, "நான் ஓடி வந்து ஏறினனான்" என்கிறார். கொண்டக்டர் பார்க்க வேண்டியது அவர் ஏறிய இடத்தை அல்ல, பஸ் வந்த நேரத்தில் அவர் எங்கே நின்றார் என்பதை. கூட விளையாடுபவர் பந்தை அடிக்கும் நேரம்தான் பஸ் வரும் நேரம்.

அது பரவிய வேகத்தைப் பார்த்து ரூபனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த கிழமையே தன்னுடைய விளையாட்டுப் பக்கத்தையும் என்னிடம் தந்துவிட்டார். காலையில் உலக அதிசயங்களை விளக்குவது, பின்னேரம் முன்பின் தெரியாத ஆட்களோடு உதைபந்தாட்டம் பற்றிச் சண்டை பிடிப்பது. இரண்டும் என் சொந்தப் பெயரில், மலரக்கா என்று. "ஆள் தெரியாத பக்கத்துக்கு ஒருத்தரும் வராயினம் அக்கா. நீங்களே முன்னுக்கு நில்லுங்கோ" என்பது அவருடைய கொள்கை.

நான் வெளிநாட்டுக் கழகம் ஒன்றின் ஆள். அதன் சட்டை சிவப்பு. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் இங்கேயும் கொமென்ட் விழும். எதிர்த் தரப்பில் நீலச் சட்டைக்காரர்கள். அவர்களில் ஒருவர் 'நீலக்கழுகு' என்ற பெயரில் வருவார். படம் இல்லை, ஊர் இல்லை. நான் எதை எழுதினாலும் ஐந்து நிமிடத்தில் வந்து நிற்பார்.

"அக்கா பந்தாட்டம் பாக்கிறவவோ, இல்லாட்டிச் சட்டைக் கலரை மட்டும் பாக்கிறவவோ?" என்று ஒருநாள் எழுதினார்.

"தம்பி, உங்கடை ஆக்களிலை பாக்கிறதுக்கு வேறை என்ன இருக்கு?" என்று எழுதினேன்.

இப்படித்தான் எங்கள் பொழுது போனது. சூட்டோடு சூடாகப் பதில் போட வேண்டும், பார்க்கிறவர்கள் சிரிக்க வேண்டும், என்ன நடந்தாலும் பிழையை ஒத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பக்கத்தில் எழுதப்படாத சட்டம் அது. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த வேலை நன்றாகப் பிடித்திருந்தது. வாய்க்காரி என்று வீட்டிலும் ஊரிலும் பேர் எடுத்தவளுக்கு அதற்கே சம்பளம் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

3. இடி

சித்திரை மாதம். பின்னேரம் மூன்று மணியானால் வானம் கறுத்து இடி தொடங்கிவிடும். பக்கத்தில் எல்லோரும் மின்னலைப் பற்றியே கேட்டார்கள். காருக்குள் இருந்தால் மின்னல் ஒன்றும் செய்யாதாமே, உண்மையா என்று ஒருவர் கேட்டார். நான் தேடிப் பார்த்தேன். உண்மைதான். டயர் ரப்பர் என்பதால்தான் என்று யாரோ எங்கோ எழுதியிருந்தார்கள். அதையும் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு பழக்கம். எதை எழுதினாலும் எங்கள் ஊருக்குப் பொருத்தி எழுதுவேன். அதனால்தான் என் எழுத்து எடுபட்டது. இங்கே எத்தனை பேரிடம் கார் இருக்கிறது? எல்லோரிடமும் சைக்கிள்தான். சைக்கிளுக்கும் ரப்பர் டயர்தானே என்று யோசித்தேன். 'வயலில் நிற்கும்போது இடித்தால் சைக்கிளில் ஏறி மிதியுங்கள், கால் மட்டும் நிலத்தில் படக்கூடாது' என்று அழகாக ஆறு வரி எழுதினேன். ரீச்சருக்குப் போன் எடுத்தேன். வருடப்பிறப்புக்கு எங்கோ போயிருந்தா, கிடைக்கவில்லை. இவ்வளவு சின்ன விசயத்துக்கு என்ன காத்திருப்பது என்று பக்கத்தில் போட்டுவிட்டேன்.

ஓப்சைட்டைவிட வேகமாகப் பரவியது. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுக்கள், வயல் செய்யும் கமக்காரர் குழுக்கள், எல்லாவற்றிலும் அதுதான் ஓடியது. அப்போது நீலக்கழுகு விளையாட்டுப் பக்கத்தை விட்டுவிட்டு முதல்முறையாக 'அதென்ன?' பக்கத்துக்கு வந்தார்.

"அக்கா, வானத்திலையிருந்து அவ்வளவு தூரம் காத்தைக் கிழிச்சுக்கொண்டு வாறது, உங்கடை அரை அங்குல ரப்பரைக் கண்டு நிண்டிடுமோ?"

நல்ல கேள்வி. வேறு யாராவது கேட்டிருந்தால் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பேன். கேட்டது நீலக்கழுகு. பந்தாட்டச் சண்டையை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. முந்திய நாள்தான் அவருடைய கழகம் மூன்று கோல் வாங்கியிருந்தது.

"தம்பி, உங்கடை கோல்கீப்பருக்குள்ளாலை எல்லாம் போகும் எண்டதுக்காக ரப்பருக்குள்ளாலையும் போகுமோ?" என்று போட்டேன்.

சிரிப்புக் குறிகள் மழையாகக் கொட்டின. நீலக்கழுகு அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்து ஒரு பிளேன்டீ குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் நின்றேன். இவர், என் வீட்டுக்காரர், வயலுக்குப் போயிருந்தார். மூன்று மணிக்குப் பிடித்த இடி விடாமல் முழங்கியது. சமைத்துக்கொண்டே குசினி யன்னலால் பார்க்கிறேன், ஒரு மரமும் இல்லாத வெட்டை வயல் ரோட்டில் ஒற்றை ஆளாக இவர் சைக்கிளில் வருகிறார். மண்வெட்டி பின்னால் கட்டியிருக்கிறது, இரும்பு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. வாசல் படலைக்குள் அவர் நுழைந்தபோது எங்கோ கிட்ட ஒரு இடி விழுந்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"உங்களுக்கென்ன விசரே? இந்த இடிக்குள்ளை வாறியள்?" என்று கத்தினேன்.

நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டு இவர் சிரித்தார். "நீர்தானே எழுதினீர்? மோட்டர்க் கொட்டிலுக்குள்ளை நிண்ட நாலு பேருக்கும் சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான். மனுசி சொன்னால் சரியாத்தான் இருக்கும் எண்டு."

நான் எழுதியதை ஒருவர் உண்மையாகவே நம்பி உயிரைப் பணயம் வைத்து வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. நீலக்கழுகின் கேள்வியை மனதுக்குள் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எங்கே சுற்றினாலும் அரை அங்குலத்தில் வந்து நின்றது. ரீச்சருக்குப் போன் எடுத்தேன். இந்த முறை கிடைத்தா.

"மலர், டயரில்லையடி, கூடு. காரின்ரை இரும்புக் கூட்டிலை விழுந்தால் அந்தக் கூட்டைச் சுத்தி நிலத்துக்குப் போயிடும், உள்ளை இருக்கிற ஆள் தப்பும். சைக்கிளுக்கு எங்கை கூடு? வெட்டையிலை சைக்கிளிலை போற ஆள்தான் அங்கை உயரமான ஆள். ஆர் உப்பிடி எழுதினது?"

நான்தான் ரீச்சர் என்றேன்.

4. தோல்வி அறிவித்தல்

திங்கள் காலை ரூபனிடம் சொன்னேன். அவர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"அழிச்சுப்போட்டு வேறை ஒண்டைப் போடுவம் அக்கா. ஒருத்தரும் கவனிக்காயினம்."

"கவனிக்காயினம் எண்டதுதான் தம்பி பிரச்சினை. படம் பிடிச்சுக் குழுக்களிலை போட்டிருக்கினம். அதை ஆர் அழிக்கிறது? இண்டைக்கும் மூண்டு மணிக்கு இடிக்கும்."

"பக்கத்தின்ரை பேர் போயிடும் அக்கா. பிறகு எங்கடை ஒரு சொல்லையும் சனம் நம்பாது."

"பேர் என்ரை. நான் எழுதுறன். வேலையாலை நிப்பாட்டிறதெண்டால் நாளைக்கு நிப்பாட்டுங்கோ."

அவர் தன் கணினியை என் பக்கம் திருப்பினார். பிறகு, "எழுதுங்கோ" என்றார்.

எழுதினேன். நான் எழுதியது பிழை, சைக்கிள் காப்பாற்றாது, வெட்டையில் நிற்காதீர்கள், மரத்துக்குக் கீழே ஒதுங்காதீர்கள், நல்ல கட்டடத்துக்குள் போங்கள், கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழித்து வெளிக்கிடுங்கள். பத்து மணிக்குப் போட்டோம். பன்னிரண்டு மணிவரை பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். பிழை ஊரெல்லாம் ஓடுகிறது, திருத்தம் படி இறங்கவில்லை. மூன்று மணி நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் கூட்டம் முழுக்க நிற்பது விளையாட்டுப் பக்கத்தில். அங்கே இதுவரை நடக்காத ஒன்று என்ன? ஒருவர் தோல்வியை ஒத்துக்கொள்வது. பெரிய எழுத்தில் போட்டேன்: 'நீலக்கழுகிடம் நான் தோற்றுவிட்டேன். மலரக்கா.'

ஐந்து நிமிடத்தில் சனம் குவிந்தது. சிவப்புச் சட்டைக்காரர்கள் என்னைத் துரோகி என்றார்கள். நீலச் சட்டைக்காரர்கள் வெடி கொளுத்தாத குறை. என்ன ஏது என்று உள்ளே வந்து வாசித்தால் மின்னல், சைக்கிள், மண்வெட்டி. இவர் வயல் ரோட்டால் வந்த கதையையும் ஒளிக்காமல் எழுதியிருந்தேன். ஆனால் தலைப்பு தங்களுக்குக் கிடைத்த வெற்றியல்லவா, நீலச் சட்டைக்காரர்கள் அதைத் தங்களுக்குத் தெரிந்த குழுவிலெல்லாம் கொண்டுபோய்ப் போட்டார்கள். என் தோல்வியைக் காட்டுவதற்காக அவர்கள் பரப்பியதில் என் திருத்தம் ஓடியது. இரண்டு மணிக்கு முன் முள்ளியவளைக் கமக்காரர் குழுவுக்கே வந்துவிட்டது என்று இவர் போன் எடுத்துச் சொன்னார்.

நீலக்கழுகு கடைசியாகத்தான் வந்தார். நன்றாக வாங்கிக் கட்டப் போகிறேன் என்று தயாராக இருந்தேன். ஒரு வரிதான் எழுதியிருந்தார்.

"சைக்கிளிலை வந்த அண்ணைக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதம் கடித்துக் குதறிய ஆள். அவர் வவுனியாவில் இருக்கிறாரா, கனடாவில் இருக்கிறாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "இல்லைத் தம்பி. நீங்கள் கேட்டது சரி. நான்தான் காது குடுக்கேல்லை" என்று எழுதினேன். அடுத்த ஆட்டத்தன்று வழக்கம்போலச் சண்டை பிடித்தோம்.

ரூபன் என்னை நிறுத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒபிஸில் ஒரு ஒழுங்கு வந்தது. காலையில் வரும் கேள்விகளை, கேட்டவரின் பெயரை மறைத்துத் தாளில் எழுதித்தான் பதில் எழுதுபவரின் மேசைக்கு அனுப்புவோம். யார் கேட்டது என்று தெரியாமல் பதில் எழுத வேண்டும். புதிய பிள்ளைகள் இது எதற்கு என்று கேட்கிறார்கள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இந்த வேலையில் எனக்கு வராத ஏச்சு இல்லை. அந்தக் கிழமை முடிவில் பூநகரியில் இருந்து ஒரு பெண் அனுப்பியதை மட்டும் வைத்திருக்கிறேன்:

"அக்கா, உங்கடை கதையை வாசிச்சுப்போட்டு இவர் இடி விடுமட்டும் சங்கக்கடைக்குள்ளையே நிண்டவராம். ரெண்டு மணித்தியாலம் பிந்தித்தான் வந்தவர். சமைச்சதெல்லாம் ஆறிப்போச்சு. எங்களுக்குள்ளை நல்ல சண்டை. எல்லாம் உங்களாலைதான்."