பெரிய பிள்ளைகளைப் பெற்றவள்

முதலில் வந்தது தாகம். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துக் கீழே வைப்பதற்குள் நாக்கு மறுபடி வறண்டது. ஆம்பூரில் சித்திரை வெயிலில் யாருக்குத்தான் தாகம் இல்லை என்று விட்டுவிட்டோம்.

என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. அவருடைய அக்கா, பிள்ளை இல்லாமல் புருஷனை இழந்தவர், எங்களோடு இருந்தார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வெல்லம் போட்ட கேழ்வரகுக் கூழை அவர் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கவைப்பார்.

எங்கள் முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்தான். மருத்துவச்சி அவனைத் தூக்கிக் காட்டி, “மூணு மாசப் புள்ள மாதிரி இருக்கான் பாருங்க” என்றாள். தெருவே வந்து பார்த்தது. அன்று மாலை அவன் கைகால்கள் உதற ஆரம்பித்தன. பால் குடிக்க வாய் திறக்கவில்லை. மறுநாள் விடிந்தபோது அவன் இல்லை. குளிர் தாக்கிவிட்டது என்றார்கள்.

இரண்டாவது பிள்ளை ஒன்பதாம் மாதக் கடைசியில் வயிற்றுக்குள்ளேயே அசைவதை நிறுத்தியது. அதுவும் பெரிய பிள்ளைதான். பெரிய பிள்ளைகளைப் பெற்றவள் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. இரண்டையும் புதைத்த பிறகும் இருந்தது. வயிற்றைப் பார்த்து ஊர் மெச்சுகிற பெண்கள் யாராவது படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மூன்றாம் முறை என் வீட்டுக்காரர், “இந்த வாட்டி வேலூருக்குப் போய்டலாம்” என்றார். காட்பாடி வரை ரயில், அங்கிருந்து ஜட்கா வண்டி. அண்ணியும் வந்தார்.

பெண்கள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் சிறுநீரை ஒரு நீலத் திரவத்தோடு கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. அவர் குழாயை வைத்துவிட்டு முந்தின இரண்டு பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். உதறல் எப்போது ஆரம்பித்தது என்று இரண்டு முறை கேட்டார்.

“இது சர்க்கரை நோய், எஸ்தர். சில பேருக்குப் பிள்ளை உண்டானா மட்டும் வருது.”

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. “நான்தாம்மா தினம் வெல்லம் போட்டுக் குடுத்தேன்.”

“அதனால வந்த நோய் இல்லம்மா. நீங்க குடுக்கலைன்னாலும் வந்திருக்கும். இனிமே வேணாம், அவ்வளவுதான்.”

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். தாயின் இரத்தத்தில் கூடிப்போன சர்க்கரை நச்சுக்கொடி (கருப்பையில் ஒட்டியிருந்து பிள்ளைக்கு ஆகாரம் தரும் சதை) வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. அதைச் சமாளிக்கப் பிள்ளையின் உடம்பு இன்சுலினை (இரத்தத்துச் சர்க்கரையைக் குறைக்கும் சுரப்பு) அதிகமாகச் சுரப்பதாக டாக்டர்கள் நினைக்கிறார்கள். பிள்ளை கொழுக்கிறது. கொடியை அறுத்ததும் சர்க்கரை வருவது நின்றுவிடும்; சுரப்பு நிற்காது. இரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கும். அந்த உதறல் அதுதான்.

என் மகன் குளிரால் போகவில்லை. கொழுத்த உடம்போடு, உள்ளே சர்க்கரை வற்றி இறந்திருக்கிறான். அன்றைக்கு அதை எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

ஆஸ்பத்திரியிலேயே தங்கினேன். தினமும் தொடையில் இன்சுலின் ஊசி. பிடியளவு சோறு, கீரை, மோர், முட்டை. சமையல் கொட்டகையில் அண்ணி எனக்காகத் தனியாக ஆக்கிக் கொண்டுவருவார். கேட்டாலும் இன்னொரு கரண்டி போடமாட்டார். போடாமல் இருப்பது அவருக்கு எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நாள் நிறையும்வரை காத்திருந்தால் இரண்டாவது பிள்ளைக்கு நேர்ந்தது நேரலாம். முன்னதாக எடுத்தால் மூச்சுப்பை முதிர்ந்திருக்காது. “எந்த நாள் சரின்னு எங்களுக்கும் நிச்சயமாத் தெரியாது” என்றார் டாக்டரம்மா. அவரும் பயந்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

நாள் நிறைய ஒரு மாதம் இருக்கும்போதே எடுத்தார்கள். பெண் பிறந்தாள். மாதம் நிறையாதவள் என்று யாரும் சொல்ல முடியாத உடம்பு. கொஞ்ச நேரத்தில் அவள் கையும் உதறியது. நர்ஸ் சர்க்கரைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். உதறல் அடங்கிப்போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகனுக்காகவும் சேர்த்து அழுதேன்.

ஆனால் மூச்சு சரியாக வரவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவெலும்புகளின் கீழே குழி விழுந்தது. அண்ணி கேட்டுக்கொண்டதால், பாதிரியாருக்குக் காத்திராமல் நர்ஸே தண்ணீர் தெளித்து ஜெபம் செய்து ஞானஸ்நானம் கொடுத்து ரூத் என்று பெயரிட்டாள்.

வேலைக்குத் திரும்பியிருந்த என் வீட்டுக்காரர் மறுநாள் மதியம் ஆம்பூரிலிருந்து வந்தார். சுண்ணாம்பு அரித்த கைகளைக் குழாயடியில் வெகுநேரம் கழுவிவிட்டு வந்தும் கட்டிலருகே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“தொடுங்க” என்றேன்.

“நாத்தம் போகல எஸ்தரு.”

“அவளுக்கு இன்னா தெரியும், தொடுங்க.”

அவர் நீட்டிய விரலை ரூத் பிடித்துக்கொண்டாள். அன்று மாலை அவள் போய்விட்டாள். பிடி தளர்ந்த பிறகும் அவர் விரலை எடுக்கவில்லை.

அவளைப் புதைத்துவிட்டு வந்தபின் எனக்குப் பால் சுரந்தது. மார்பு கல்லாகி வலித்தது. பக்கத்து வார்டில் ஜுரத்தில் தாயை இழந்த ஒரு ஆண் குழந்தை இருந்தது. நர்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் டாக்டரம்மாவைக் கேட்டேன்: “என் பாலு இந்தக் கொழந்தைக்கு ஆவுமா?”

அவர் மறுபடி என் சிறுநீரைக் குழாயில் காய்ச்சிக் காட்டினார். நீலம் லேசாகப் பச்சையாகி நின்றுவிட்டது. “பால் ஊறும்போது இவ்வளவு பச்சை யாருக்கும் இருக்கும். நோய் போயிடுச்சு. அடுத்து உண்டானா திரும்ப வரலாம், வயசானபிறகும் வரலாம். பால் நல்ல பால்தான், குடு.”

ரூத் போனதோடு நோயும் போய்விட்டது. இதில் எதைக் கேட்டு நான் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரியவில்லை.

அந்தக் குழந்தை ஒல்லி. பசியோடு குடித்தான். இரண்டு வாரம்போல என் மடியில் கிடந்து கன்னம் கொஞ்சம் உப்பினான். பிறகு பள்ளிகொண்டாவிலிருந்து அவன் அப்பாவும் சித்தியும் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். “புண்ணியமாப் போவும்க்கா” என்றாள் சித்தி. நான் துணியைச் சரியாகச் சுற்றிக் கொடுத்தேன்.

ரூத் பிறந்திருக்க வேண்டிய நாள், நாங்கள் ஆம்பூருக்குத் திரும்பிய பிறகுதான் வந்தது. பால் இன்னும் முழுதாக நிற்கவில்லை. காலையில் விழித்து வயிற்றின்மேல் கையை வைத்தபடி படுத்திருந்தேன். என் பெண் வந்து, போய், மண்ணுக்குள்ளும் ஆகிவிட்டாள். அவள் வரவேண்டிய நாள் இப்போதுதான் வந்திருக்கிறது. அதுவரை ஒரு நாளுக்குப் பின்னால் மறுநாள் என்று வரிசையாக வந்துகொண்டிருந்த காலம் அன்றைக்கு என்னைவிட்டுத் தனியாகப் போய்விட்டது.

அண்ணி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “இன்னா எஸ்தரு, ஒடம்பு சரியில்லயா?”

“ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல அண்ணி” என்றேன். அது உண்மைதான்.