கரைப்பக்கம் மூக்கு வைத்த படகு

அட்டையின் இரண்டு மூலைகளை நான் விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். அப்பா ஸ்பாஞ்சால் மை தேய்த்தார். முதலில் மஞ்சள். அது காய்வதற்குள் சிவப்பு. இரண்டும் சேருகிற இடத்தில் ஆரஞ்சு தானாக வரும். ஓரங்களுக்கு ஊதா. ஸ்பாஞ்சை நேராக அட்டைமேல் வைக்கக் கூடாது. கீழே விரித்த செய்தித்தாளில் தொடங்கி, வட்டமாகத் தேய்த்துக்கொண்டே அட்டைக்குள் வர வேண்டும். இல்லையென்றால் வைத்த இடம் கறையாக நிற்கும்.

"கையை எடு இசை. அந்த மூலை வெள்ளையா நிக்குது பாரு."

"எடுத்தா அட்டை நவுரும்ப்பா."

"நவுர்ந்தா வானமும் கூட நவுரும். எடு."

நடுவில் சின்னதாக வெட்டிய வட்டக் காகிதம் ஒன்று லேசாக ஒட்டியிருந்தது. கடைசியில் அதை உரித்தால் அடியில் மை படாத இடம் சூரியனாகத் தெரியும். இது 2014 பொங்கலுக்கு முந்தைய வாரம். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை.

அப்பா பெயர் மாசிலாமணி. அவருடைய பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கியவர்கள். குடும்பத்தில் நிழலில் உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் அவர்தான். 1993-இல் திண்டிவனத்தில் ஒரு தையல் கடையின் பாதி இடத்தில் மேஜை போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் செதுக்க ஆரம்பித்தார். தலைமையாசிரியர், செயலாளர், பொருளாளர் என்று ஊரில் இருந்த பதவிகள் எல்லாம் அவர் மேஜையில் தலைகீழாகக் கிடக்கும்.

மிஞ்சிய ரப்பர் துண்டுகளில் படம் செதுக்கினார். பனைமரம், கோபுரம், சர்ச், மரக்காணத்து உப்புக் குவியல். மை தேய்த்த வானத்தின்மேல் அவற்றைக் கறுப்பில் குத்தினால் வாழ்த்து அட்டை. சர்ச்சுக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ், மற்றவர்களுக்குப் பொங்கல். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிக்கொண்டார்கள்.

மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீனவர் குழுவுக்கு ஸ்டாம்ப் செய்ய வந்தவர் மாயவன். வந்த அன்றே அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"யோவ் ஸ்டாம்ப்பு, உப்பு எங்கியாவது கறுப்பா இருக்குமாய்யா?"

"சாயங்காலம் சூரியனுக்கு எதிர்ல நின்னு பாரு. நீயே கறுப்புதான்."

"நான் காலைலயே கறுப்புதான்யா."

அன்றிலிருந்து நண்பர்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் மாயவன் வீட்டுக்கு ஒரு அட்டை போகும். அவர் மனைவி அஞ்சம்மாள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைப்பார். அடுத்த பொங்கல்வரை அங்கேதான் இருக்கும்.

2006 பொங்கலுக்கு மாயவன் ஒரு படகு கேட்டார். தன் படகைத் தாளில் தானே வரைந்து கொடுத்தார். இடப்பக்கம் கரை, அதைப் பார்த்தபடி படகின் மூக்கு. அப்பா அந்தத் தாளை ரப்பர்மேல் அப்படியே வைத்துக் கோடு எடுத்துச் செதுக்கிவிட்டார். எழுத்தென்றால் அவர் கை தானாகத் திருப்பிப் போடும். படத்தைத் திருப்பிப் பழக்கமில்லை. பனைமரத்துக்கும் கோபுரத்துக்கும் உப்புக் குவியலுக்கும் இடம் வலம் கிடையாது. மூக்கு உள்ள முதல் படம் இந்தப் படகுதான்.

அட்டையில் கரை இடப்பக்கமே இருந்தது. குத்திய படகின் மூக்கு வலப்பக்கம் திரும்பிவிட்டது. அப்பா கவனிக்கவில்லை. நானும் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அஞ்சம்மாள்தான் முதலில் சொன்னார்.

"ஏண்ணா, இது போவுதே. எங்க வூட்ல பொங்கலுக்குப் படகு கரைலதான் நிக்கும்."

"வேற குத்தி அனுப்பறேம்மா."

"இருக்கட்டும், இதுவும் நல்லாத்தான் கீது." வழக்கம்போலச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகினார்.

அந்தத் தை முடிவதற்குள் அவர்கள் சின்ன மகன் வெற்றிவேல் கடலுக்குப் போனான். படகு கவிழ்ந்து கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

யாரும் அப்பாவை எதுவும் சொல்லவில்லை. துக்கத்துக்குப் போனபோது சாமி படத்துக்குப் பக்கத்தில் அட்டை இல்லை. அப்பா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாயவன் அவர் தோளில் கை வைத்தார்.

"உன் ரப்பராய்யா கடலை ஆட்டுது? வுடு."

நான் அப்போது விழுப்புரத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். காற்றின் வேகம், அலையின் உயரம், படகின் எடை என்று அப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"தெரியும் இசை. எனக்கும் தெரியும்" என்றார். பிறகு அந்த ஸ்டாம்ப்பை எடுத்துப் பிளேடால் துண்டு துண்டாக அரிந்தார்.

புதிதாக ஒன்று செதுக்கினார். மூக்கு கரைப்பக்கம். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு அட்டை செய்வார். எதுவும் போகவில்லை. அதில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. 'வாழ்த்து' என்ற சொல்லை அந்த வீட்டுக்கு எப்படி அனுப்புவது? எழுதாமல் அனுப்பினால் வெறும் படகு. அட்டைகள் இரும்பு அலமாரியில் சேர்ந்துகொண்டிருந்தன. நான் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டேன். ஆஸ்பத்திரி இயந்திரங்களில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் அலமாரியைத் திறந்து பார்ப்பேன். செய்வதற்கு எனக்கு ஒன்றும் இருக்காது.

2013 டிசம்பரில் மாயவன் கடைக்கு வந்தார். நானும் இருந்தேன். குழு ஸ்டாம்ப் தேய்ந்துவிட்டது என்றார். அதை மேஜைமேல் வைத்தார்.

"அஞ்சம்மா கேட்டுக்கினு கீறாய்யா. ஸ்டாம்ப்பு அண்ணன் ஏன் அட்டையே அனுப்ப மாட்டேங்குதுன்னு."

அப்பா பிளேடைக் கீழே வைத்தார். "என்னா எழுதறதுன்னு தெரியல மாயவா."

"எழுதச் சொன்னது யாரு? அவளுக்குப் படிக்கத் தெரியாதுய்யா. வர்ற படகா ஒண்ணு குத்தி எடுத்துக்கினு வா. ஆனா நீயே வரணும், தபால்ல போட்டேன்னு வையி, திருப்பி அனுப்பிடுவா."

"பொங்கலுக்கு முந்துன சனிக்கிழமை வர்றேன்."

பழைய அட்டைகளில் ஒன்றை எடுத்துப் போகலாமே என்றேன். அதெல்லாம் பயந்து செய்தது என்றார். பொங்கலுக்கு முந்தைய வாரம் நான் மறுபடி ஊருக்கு வந்தபோது புதிதாக ஆரம்பித்தார். அதற்குத்தான் மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வானம் முடிந்தது. இடப்பக்கம் கரையும் பனைகளும் குத்தினார். "மை காயட்டும். படகு நாளைக்கு. உருவம் எப்பவும் கடைசிலதான்" என்று சொல்லிக் கை கழுவப் போனார்.

விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விழுப்புரத்துக்கு ஆம்புலன்ஸ். அவர் கை என் கையில் இருந்தது. நகக்கண்ணிலிருந்து ஊதா மை போகவில்லை. மார்பில் ஒட்டிய கருவி எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு முழுதாகத் தெரியும். அதில் கோடு மாறுவதையும் படிக்கத் தெரியும். படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டவில்லை.

அடக்கத்துக்கு மாயவன் தனியாக வந்தார். கல்லறையிலிருந்து திரும்பும்போது என் பக்கத்தில் நடந்தார்.

"வூட்ல சொல்லலம்மா. சனிக்கிழம அண்ணன் வரும்னு மீன் எடுத்து வைக்கச் சொல்லிக்கினு இருந்தா. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம கிளம்பி வந்துட்டேன்."

அட்டை மேஜைமேல் இருக்கிறது. சூரியனை மூடிய காகிதத்தை இன்னும் உரிக்கவில்லை. ஸ்டாம்ப்பை எடுத்துச் செய்தித்தாளில் குத்திப் பார்த்தேன். மூக்கு கரைப்பக்கம் சரியாகத்தான் விழுகிறது. அட்டையில் குத்த ஒரு முறைதான் முடியும்.

நாளை சனிக்கிழமை. மரக்காணம் போகவேண்டியவர் அப்பா.