தாராவிக்கு வாங்கி வந்த உடும்பு

காலை ஒன்பது மணிக்குத் தாதரில் இறங்கினேன். ஜூலை மழை. உள்ளூர் வண்டியில் மாட்டுங்காவைத் தாண்டினால் சயான். அங்கிருந்து தாராவிக்கு நடக்கிற தூரந்தான். சந்துகளில் சாக்கடைத் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

என் தங்கை செல்வி இங்கே வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் சண்முகம் செம்பூரில் கட்டட வேலை செய்தபோது மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பை ஒடித்துக்கொண்டார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவரைப் பார்க்கத்தான் நெல்லையிலிருந்து இந்தப் பயணம்.

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே அடுப்பு. "வண்டியில தூங்க எடம் கெடைச்சுதா மச்சான்?" என்றார் சண்முகம்.

செல்வி என்னை வாசலுக்கு அழைத்து வந்தாள். "டாக்டர் கைய விரிச்சிட்டாருண்ணே. உடும்பு ரத்தத்தச் சூடாக் குடிச்சா நரம்பு முறுக்கேறும்னு சொல்லுதாக. நீங்க வரட்டும்னுதான் இருந்தேன்."

அடுத்த சந்தில் தோல் பட்டறை வைத்திருக்கும் காதர் பாய் வழிகாட்ட வந்தார். மேலப்பாளையத்துக்காரர். ஒரு காலத்தில் உடும்புத் தோல் கட்டுக்கட்டாக அவரிடம் வந்து கைப்பையாகவும் செருப்பாகவும் வெளியே போகுமாம். "உடும்பப் புடிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்த பொறவு நாம தொடுறதில்ல. ஆனா மருந்துக்குன்னு கேட்டா மறைச்சு விக்கத்தான் செய்றான்" என்றார்.

பிற்பகல் செல்வியையும் கூட்டிக்கொண்டு மாஹிம் கழியோரம் போனோம். நீலப் பிளாஸ்டிக் விரிப்பின் கீழே ஒருவன் எண்ணெய்ச் சீசாக்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தான். உடும்புக்கு அங்கே கோர்பட் என்று பெயர்; காதர் பாய் அப்படிக் கேட்டதும் முதுகுக்குப் பின்னாலிருந்த சாக்கை இழுத்தான். விலை எண்பது ரூபாய். உடும்பின் இடுப்பில் கயிறு கட்டிக் கோட்டை மதில் ஏறிய மராட்டிய வீரனின் கதையையும் சேர்த்துச் சொன்னான். காதர் பாய் தமிழில் எடுத்துச் சொன்னார். கோட்டையே ஏற்றிவிட்ட பிராணி, ஒரு மனிதனை எழுப்பி நிறுத்தாதா என்பது அவன் வாதம்.

கடைசியில் சாக்கைத் தட்டி இந்தியில் ஏதோ சொன்னான். காதர் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன சொல்லுதான்?" என்று செல்வியிடம் கேட்டேன்.

"ஓடாதாம்" என்றாள்.

வீட்டில் சாக்கை அவிழ்த்தபோதுதான் விளங்கியது. மூன்றடி நீள உடும்பு. முன்னங்கால்கள் சிமெண்டுத் தரையைப் பிறாண்டின. பின்பாதி ஈரத் துணிபோலப் பின்னால் இழுபட்டது. தப்பிவிடாமல் இருக்க இடுப்பை ஒடித்துத்தான் விற்கிறார்கள்.

சண்முகம் தலையைத் திருப்பி வெகுநேரம் அதையே பார்த்தார். உடும்பு கட்டில்கால் வரை வந்து, நாக்கை நீட்டி, அங்கேயே கிடந்தது.

"இதுக்கும் இடுப்பு ஒடிஞ்சிருக்கு மச்சான்" என்றார். "கொண்டுபோய் விட்டுருங்க."

"விட்டாலும் பொழைக்காது மாப்ள" என்றார் காதர் பாய்.

செல்வி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு மனசில்லன்னா எனக்காகக் குடிச்சிருங்க."

காதர் பாய் அதை வெளியே தூக்கிப் போனார். செல்வி எவர்சில்வர் தம்ளரை ஏந்தி வந்தாள். சண்முகம் கண்ணை மூடாமல், அவளைப் பார்த்துக்கொண்டே குடித்தார். பிறகு வாந்தி எடுத்தார். அவள் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். அன்று மாலை முழுவதும் அவர் கால் கட்டைவிரலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அது அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை.

எங்கள் ஊரிலும் உடும்பு அடிப்பார்கள். குழம்பு வைத்துத் தின்றதோடு சரி. அதனிடம் இவ்வளவு பெரிய காரியத்தை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

புறப்படும் அன்று சண்முகம் என் கையைப் பிடித்தார். "இன்னொண்ணு வாங்க விடாதிய அவள."

தாதர் வரை செல்வி வந்தாள். வண்டி வருவதற்குச் சற்று முன்பு, "ஒண்ணு பத்தாதாம்ணே. மூணு குடிக்கணுமாம்" என்றாள்.

"மாப்ள வேண்டாம்னாரே தாயி."

"அவரு சொல்லுவாரு. படுத்துக் கெடக்கது அவரு. விடிஞ்சா அந்தக் காலத் தொட்டுப் பாக்கது நானுல்லா."

வண்டி வந்து நின்றது. கூட்டம் என்னைப் பெட்டிக்குள் தள்ளியது. ஜன்னல் வழியே தேடியபோது, அவள் மழையில் நடைபாலப் படியேறிப் போய்க்கொண்டிருந்தாள்.